லண்டனுக்குப் போன என் கோட்டு

நான் பொறாமைக்காரன். இந்த வயதில் இதை எழுத்தில் ஒப்புக்கொள்வதில் எனக்குப் பெரிய கூச்சம் ஒன்றும் இல்லை. என் வீட்டாருக்கும், பக்கத்து வீட்டாருக்கும், தேவாலயத்தில் எனக்கு முன் வாங்குப் பலகையில் இருப்பவர்களுக்கும் ஏற்கனவே தெரிந்த விஷயம்தான். சிலர் அடுத்தவனின் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள், சிலர் உத்தியோகத்தைப் பார்த்து. நான் என் சொந்தத் தங்கையின் எலும்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன். (சிரிக்க வேண்டாம், எலும்பேதான்.)

நாங்கள் மூன்று பேர். மூத்தவர் எபி அண்ணை, நடுவில் நான், என்னிலும் ஐந்து வயது இளையவள் கிருபா. அப்பா நேரத்தோடு காலமாகிவிட்டார். அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்து எங்களை ஆளாக்கினார். வீடு நீர்வேலியில், வாழைத்தோட்டங்களுக்கு நடுவே. அண்ணையிடம் ஒரு சைக்கிள் இருந்தது. அதன் முன்பாரில் கிருபாவை ஏற்றிக்கொண்டுதான் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்துக்குப் போவார். நான் சைக்கிளுக்குப் பின்னால் ஓடுவேன். "நீ ஆம்பிளைப்பிள்ளை, ஓடி வா" என்பார் அண்ணை. ஒரு நாள்கூட அவர் என்னைப் பாரில் ஏற்றியதில்லை. அந்த ஓட்டத்தின் களைப்பு எனக்கு முப்பத்தாறு வயதிலும் தீரவில்லை.

பிறகு அண்ணை படிக்க லண்டன் போனார், அங்கேயே வேலை, அங்கேயே கலியாணம். மாதம் ஒரு கடிதம் வரும். கிருபா பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டு அம்மாவுடன் வீட்டில் இருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கம் எழுதுவார். அங்குள்ள பனி, பாதாள றயில், அவள் படிப்பிக்கிற பிள்ளைகளைப் பற்றிக் கேள்வி, பகிடி எல்லாம் இருக்கும். கடைசியில் மூலையில், எழுத இடம் இல்லாத இடத்தில், "ஜெயம் சுகமா?" என்று இருக்கும். ஜெயம் என்பது நான்தான். ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் மனைவி ராணியோடு குடியிருந்த நான், கடிதம் வரும் நாளில் அம்மா வீட்டுக்கு வந்து, அந்த இரண்டு சொல்லையும் வாசித்துவிட்டு, "ஓம், சுகம்தான்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் வந்த கடிதம் அண்ணையின் கையெழுத்தில் இல்லை. அண்ணி எழுதியிருந்தார். அண்ணைக்கு இரத்தத்தில் பொல்லாத வருத்தம். மருந்து கொடுத்து இப்போதைக்கு அடக்கி வைத்திருக்கிறார்கள், ஆனால் திரும்பி வருமாம், வந்தால் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லையாம். ஒரு வழிதான் உண்டு. எலும்புக்குள் இருக்கும் மச்சையில்தான் இரத்தம் ஊறுகிறது, கூடப்பிறந்தவர் ஒருவரின் மச்சை அவருக்குப் பொருந்தினால் அதை எடுத்து அண்ணைக்கு ஏற்றலாம். மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பில் ஊசியால் குத்தி எடுப்பார்கள். முதலில் உங்கள் இருவரின் இரத்தத்தையும் பரிசோதிக்க வேண்டும். எதற்கும் இரண்டு பேரும் பாஸ்போட் எடுத்து வையுங்கள். அவ்வளவுதான் கடிதம்.

அம்மா கதிரையில் இருந்து அழுதார். அண்ணை செத்துப்போவார் என்ற நினைப்பு அப்போதுதான் எனக்கு முதன்முதலில் வந்தது. அந்த நினைப்புக்கு நடுவிலும் என் மனம் கடிதத்தின் ஒரு வரியிலேயே நின்றது. இடுப்பெலும்பில் ஊசி. (எனக்கு ஊசி என்றால் பயம். பள்ளிக்கூடத்தில் அம்மை குத்த வந்த அன்று நான் கிணற்றடியில் ஒளித்திருந்து, இரண்டு நாள் கழித்து அம்மா இழுத்துக்கொண்டு போய்க் குத்துவித்தவன்.)

"நான் குடுக்கிறன்" என்றாள் கிருபா. கடிதத்தை மடித்து முடிக்கக்கூட இல்லை.

நான் மெல்ல, "யோசிச்சுச் செய்யவேணும். இடுப்பெலும்பு எண்டால் சின்ன விசயமே? எனக்கும் முள்ளந்தண்டிலை ஏற்கனவே ஒரு நோ இருக்கு…" என்று தொடங்கினேன்.

அம்மா எழுந்து வந்து கிருபாவின் தலையைத் தடவினார். "என்ரை பிள்ளை" என்றார்.

அந்தத் தடவல்தான் என்னைக் கெடுத்தது. அந்தக் கை என் தலைக்கு வந்து எத்தனையோ வருடம். ஒரு நிமிடம் முன்புவரை ஊசிக்குப் பயந்தவன் துள்ளி எழுந்தேன்.

"நான்தான் குடுப்பன்! மூத்தவன் நான். முதல் உரிமை எனக்கு!"

"ஆர் குடுத்தால் என்ன சின்னண்ணை, பொருந்திறது எல்லே முக்கியம்" என்றாள் கிருபா.

"பொருந்தும். எனக்குத்தான் பொருந்தும். அண்ணையும் நானும் ஆம்பிளையள்."

விஞ்ஞான ஆசிரியை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் விட்டாள்.

அன்றிலிருந்து ராணிக்கு வேலை கூடியது. என் எலும்பில் மச்சை கூட வேண்டும் என்று நான் தினமும் ஆட்டெலும்பு ரசம் கேட்டேன். எலும்பை வாயில் வைத்து உறிஞ்சி, தட்டி, மறுபடியும் உறிஞ்சுவேன். "இஞ்சேருங்கோ, ஆட்டின்ரை மச்சை உங்கடை இடுப்புக்கு நேரை போகுமெண்டு ஆர் சொன்னது?" என்று ராணி கேட்டாள். நான் அடுத்த எலும்பை எடுத்தேன். கிருபா பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தாள். அவளுடைய எலும்பில் ஒன்றும் இருக்காது என்று எனக்கு உள்ளூர ஒரு திருப்தி.

இரத்தம் எடுக்கும் நாள் வந்தது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் எங்கள் குடும்பத்தை நெடுநாளாகத் தெரிந்த டொக்டர் ஒருவர் டிஸ்பென்சரி வைத்திருந்தார். அடுத்த நாள் லண்டன் போகிற ஒருவரிடம், இரத்தத்தைக் குளிர்ப்போத்தலில் வைத்துக் கொடுத்தனுப்புவதாக ஏற்பாடு. நானும் கிருபாவும் ஆளுக்கொரு சைக்கிளில் போனோம்.

"முதல் ஆர்?" என்றார் டொக்டர்.

"மூத்தவன் நான், டொக்டர்."

அவர் ஒரு கடுதாசியில், ஒன்று ஜெயசிங்கம், இரண்டு கிருபாவதி என்று எழுதினார். நான் எட்டிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன். குழாய்கள் விரலளவுதான் இருந்தன, முழுப்பெயர் எழுத இடமில்லை. அதனால் குழாயில் இலக்கம் மட்டும் ஒட்டி, பெயர்களைத் தனிக் கடிதத்தில் எழுதி அனுப்பப் போவதாகச் சொன்னார். மிகவும் சரி என்றேன். ஒன்றாம் இலக்கம் நான். எங்கள் பக்கத்தில் கலியாண அழைப்பிதழ் என்றாலும் கல்லறைக் கல் என்றாலும் மூத்தவன் பெயர்தான் முதலில் வரும்.

பிறகு அவர் ஊசியை எடுத்தார்.

"டொக்டர், சைக்கிளைப் பூட்டினனானோ தெரியேல்லை. ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்று வெளியே வந்தேன். சைக்கிள் பூட்டித்தான் இருந்தது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். ஊசி அதே இடத்தில் இருந்தது. கிருபாவின் சைக்கிளையும் பார்க்க வேண்டும் என்று மறுபடியும் வெளியே வந்தேன். அதுவும் பூட்டித்தான் இருந்தது. மூன்றாம் முறை நான் வெளியே வந்ததற்கு என்ன காரணம் சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை. யாரோ ஒருவருடைய சைக்கிளைப் பார்த்ததாக ஞாபகம்.

மூன்றாம் முறை நான் உள்ளே போனபோது கிருபா கையை மடித்துப் பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றாள். "ஒண்டுமில்லை சின்னண்ணை, நுளம்பு கடிச்ச மாதிரித்தான்" என்றாள். நான் கதிரையில் இருந்தேன். டொக்டர் என் கையில் றப்பர் பட்டியைக் கட்டினார். அடுத்ததாக எனக்குத் தெரிந்தது கூரையில் சுற்றிக்கொண்டிருந்த விசிறி. நான் நிலத்தில் கிடந்தேன். கிருபா என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். இரத்தம் ஏற்கனவே எடுத்தாகிவிட்டது.

வரும் வழியில் அவளிடம் கெஞ்சினேன். "வீட்டிலை சொல்லாதை."

"நான் ஏன் சொல்லுறன்?"

உண்மையில் அவள் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். தேநீரைக் குடித்துக்கொண்டு அம்மாவிடம், "முதல் கதிரையிலை இருந்தது நான்தான். ஊசி போனதும் தெரியேல்லை, வந்ததும் தெரியேல்லை" என்றேன்.

கிருபா தன் கோப்பையைப் பார்த்தபடி, "ஓம் அம்மா, சின்னண்ணைக்கு ஒண்டுமே தெரியேல்லை" என்றாள்.

சில வாரங்கள் கழிந்தன. ஒரு திங்கட்கிழமை தந்தி வந்தது. "ஒன்றாம் இலக்கம் பொருந்துகிறது. உடனே அனுப்பவும்." ஆஸ்பத்திரியில் சொன்னதை அப்படியே தந்தியில் அடித்த அண்ணி, பெயரையும் சேர்த்துச் சொல்லைக் கூட்ட ஆசைப்படவில்லை. அந்தச் சிக்கனத்தின் விலையை நான் கட்டினேன்.

ஒன்றாம் இலக்கம்! நான் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஒழுங்கை முழுக்க நடந்தேன். அண்ணை பிழைப்பார் என்ற சந்தோஷம் இருந்தது, பொய் சொல்லவில்லை. அதற்கு மேலே, ஒரு அங்குலம் மேலே, இன்னொரு சந்தோஷமும் இருந்தது. உலகத்திலுள்ள எத்தனையோ கோடிப் பேரில் அண்ணையின் உடம்பு என்னைத்தான் தன்னுடையவன் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. பாரில் ஏறிப் போனவளை அல்ல, பின்னால் ஓடியவனை.

அன்று பின்னேரம் கிருபா வந்தாள். "சின்னண்ணை, டொக்டரிட்டை ஒருக்காக் கேட்டுப்பாப்பமே? அண்டைக்கு அவர் கடுதாசியைக் கிழிச்சுப்போட்டு வேறை எழுதினவர் போலை கிடந்தது. நீங்கள் அப்ப வெளியிலை நிண்டனீங்கள்."

டொக்டர் அப்போது கொழும்பில் இருந்தார், சனிக்கிழமைதான் திரும்புவார். அது ஒரு பக்கம் இருக்க, நான் அவளைப் பார்த்துச் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா?

"உனக்குப் பொறாமை!"

அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நேரே தபாற்கந்தோருக்குப் போயிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரியவந்தது. "பெயர்களைச் சொல்லவும்" என்று அண்ணிக்குத் தந்தி கொடுத்திருக்கிறாள்.

அந்த வாரம் என் வாழ்க்கையின் பொற்காலம். நல்லூரில் ஒரு தையல்காரரிடம் கறுப்புக் கம்பளித் துணியில் கோட்டு ஒன்று தைக்கக் கொடுத்தேன். அவர் அதுவரை கம்பளியைக் கையால் தொட்டதில்லை. லண்டன் குளிரை எண்ணித் தாராளமாக வெட்டிவிட்டார். கோட்டு முழங்காலுக்குக் கீழே வந்தது, கைகள் விரல்நுனியை மூடின. "அங்கை போனால் உடம்பு வைக்கும்தானே" என்று ஆறுதல் சொன்னார். ஸ்ரூடியோவில் அதைப் போட்டுக்கொண்டு படம் பிடித்தேன்.

ஒருவன் லண்டன் போகிறான் என்றால் எங்கள் ஊரில் அவன் மனிதன் அல்ல, பார்சல் வண்டி. அங்கே மகன் உள்ளவர்கள், மருமகன் உள்ளவர்கள் எல்லோரும் வந்தார்கள். மிளகாய்த்தூள், ஒடியல் கிழங்கு, பனம்பழப் பினாட்டு, மோர்மிளகாய், பனங்கட்டி என்று எங்கள் கூடம் நிறைந்தது. பக்கத்து வீட்டுப் பொன்னம்மாக்கா மட்டும் ஐந்து பொதி மிளகாய்த்தூள் தந்தார். "தம்பி, என்ரை மோன் அங்கை உறைப்பில்லாமல் வாடிப்போனான். உம்மடை கையாலை குடுத்தாத்தான் எனக்கு நிம்மதி" என்றார். நான் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். அண்ணையைக் காப்பாற்றப் போகிறவன் ஒரு மிளகாய்த்தூளுக்கு மாட்டேன் என்று சொல்வதா?

சனிக்கிழமை பின்னேரம் தேவாலய மண்டபத்தில் எனக்குப் பிரியாவிடையும் விசேட ஜெபமும். கேக், றோல்ஸ், தேநீர், எங்கள் ஊரின் வாழைக்குலை ஒன்று. போதகர் ஜெபம் செய்தார். அண்ணையின் பெயரை அவர் சொன்னபோது அம்மா தேம்பினார், எனக்கும் கண் நிறைந்தது. பிறகு என்னைப் பேச அழைத்தார்கள். அந்த வெக்கையில் கம்பளிக் கோட்டோடு எழுந்து நின்றேன். உள்ளே சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இருந்தாலும் கோட்டைக் கழற்ற மனம் வரவில்லை.

ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் இருபத்தைந்து நிமிடம் பேசினேன். தியாகம் என்றால் என்ன என்று விளக்கினேன். ஊசி குத்தும்போது கண்ணைக்கூட மூடவில்லை என்றேன். அந்த நேரம் பின்வாசலால் கொழும்பிலிருந்து வந்த களைப்போடு டொக்டர் உள்ளே வந்து கடைசி வாங்கில் இருந்தார். அவரைக் கண்டும் என் வாய் நிற்கவில்லை.

"சின்ன வயதிலே சிலர் அண்ணையின் சைக்கிள் பாரில் ஏறிச் சவாரி போயிருக்கலாம். சிலருக்கு அவர் இரண்டு பக்கம் கடிதம் எழுதியிருக்கலாம். ஆனால் இரத்தம் பொய் சொல்லாது! அண்ணைக்கு உண்மையில் யார் நெருக்கம் என்பதை இன்று லண்டன் டொக்டர்மாரே சொல்லிவிட்டார்கள்!"

கைதட்டினார்கள். முன்வரிசையில் கிருபா குனிந்து இருந்தாள். எனக்கு அது இனிப்பாக இருந்தது. (இதை எழுதும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன்.)

எங்கள் விசேஷங்களில் ஒரு வழக்கம் உண்டு. கலியாணமோ பிரியாவிடையோ, வருகிற வாழ்த்துத் தந்திகளை மேடையில் உரக்க வாசிப்பார்கள். எத்தனை தந்தி வந்தது என்பதில்தான் குடும்பத்தின் மதிப்பு இருக்கிறது. நான் பேசி முடிக்கவும் தந்திப் பியூன், வீடு பூட்டியிருந்ததால் எங்களைத் தேடிச் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு தேவாலய வளவுக்குள் வரவும் சரியாக இருந்தது. போதகர் சந்தோஷமாகத் தந்தியை வாங்கினார். "இதோ, லண்டனிலிருந்தே வாழ்த்து வந்திருக்கிறது" என்று அறிவித்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கி, மண்டபத்தின் கடைசி வாங்கு வரை கேட்கும்படி வாசித்தார்.

"ஒன்று கிருபா. இரண்டு ஜெயம். கிருபா மட்டும் பொருந்தும். உடனே அனுப்பவும்."

வாசித்து முடித்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. தந்தியைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் வேறு ஏதாவது நல்லது எழுதியிருக்குமா என்று.

பிறகு நடுவரிசையிலிருந்து பொன்னம்மாக்காவின் குரல் கேட்டது. "அப்ப என்ரை மிளகாய்த்தூள்?"

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கடவுள் எனக்கு அதற்கான நேரத்தையும் தந்தார். ஆனால் என் உள்ளே அப்போது எரிந்தது பொறாமை என்ற சின்னச் சொல்லுக்குள் அடங்காது. அண்ணையின் உடம்புகூட என்னை மூலையில் எழுதிவிட்டது என்றுதான் தோன்றியது. நான் கோட்டின் நீண்ட கையைத் தூக்கிக் கிருபாவைக் காட்டினேன்.

"உவள்தான் மாத்தினவள்! குழாயை மாத்திப்போட்டாள்! முதல் இருந்தது நான்!"

கிருபா எழுந்தாள். என்னைப் பார்த்தாள். அவள் ஒரு சொல் சொன்னால் போதும், என் கதை முடிந்துவிடும். அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. மறுபடியும் வாங்கில் இருந்துவிட்டாள்.

சொன்னது டொக்டர். கடைசி வாங்கிலிருந்து எழுந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"தம்பி, பிழை ஒண்டும் நடக்கேல்லை. நீர் மூண்டு தரம் சைக்கிள் பாக்கப் போனீர். அதுக்குள்ளை நான் தங்கச்சியின்ரை இரத்தத்தை எடுத்து ஒண்டெண்டு ஒட்டிப்போட்டன். கடுதாசியையும் மாத்தி எழுதினனான். பிறகு நீர் மயங்கி விழுந்தனீர். விழுந்தாப்பிறகு நிலத்திலை வைச்சு எடுத்ததுதான் ரெண்டாம் நம்பர்."

முதலில் சிரித்தது ராணி. அவள் என் மனைவி, எனக்காக வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். பிறகு போதகர். பிறகு வாழைக்குலையைத் தவிர மண்டபத்தில் இருந்த எல்லாமே சிரித்தன. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஜெயம், இரு" என்றார். இருந்தேன். கோட்டுக்குள் என்னால் இயன்ற அளவு ஒடுங்கினேன். நல்லகாலம், தையல்காரர் அதில் நிறைய இடம் விட்டிருந்தார்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த வெட்கத்துக்கும் எரிச்சலுக்கும் அடியில், என் இடுப்பெலும்பு மெல்ல ஒரு பெருமூச்சு விட்டது. இனி ஊசி இல்லை. அந்த நிம்மதியை நான் உணர்ந்தேன், உணர்ந்ததற்காக என்னை நானே வெறுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை கிருபா கொழும்பு றயில் ஏறினாள். கூடத்தில் கிடந்த பார்சல்கள் முழுவதும், பொன்னம்மாக்காவின் ஐந்து பொதி உட்பட, அவளோடு போயின. ஸ்ரேசனில் நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். மன்னிப்புக் கேட்க ஒரு வசனம் தயார் பண்ணி வைத்திருந்தேன், அதை விட்டுவிட்டுப் பார்சல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"சின்னண்ணை, அங்கை சரியான குளிராம். உங்கடை கோட்டைத் தாறியளே?" என்று கேட்டாள்.

அதைக் கொடுக்கவும் எனக்குப் பொறாமையாக இருந்தது. எலும்பும் அவளுடையது, இப்போது கோட்டுமா? ஆனாலும் கொடுத்தேன். அவள் அதை அங்கேயே போட்டுப் பார்த்தாள். எனக்கே பெரிதாக இருந்த கோட்டுக்குள் அவளைக் காணவில்லை. றயில் வெளிக்கிட்ட பிறகு யன்னலால் ஒரு வெறும் கோட்டுக்கை அசைந்துகொண்டு போனது. அப்போதுதான் அவளும் பயப்பட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. நான் ஸ்ரேசனில் நின்று அழுதேன்.

அதன்பின் வந்தவை நீளமான வாரங்கள். அம்மா சாப்பாட்டைக் குறைத்தார். நான் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து தபாற்கந்தோர் வழியாகத்தான் வந்தேன். கடைசியில் ஒரு தந்தி. "கிருபாவின் மச்சை பிடித்துவிட்டது. எபி எழுந்து நடக்கிறார்." இந்தத் தந்தியை ஒழுங்கையில் நான் உரக்க வாசித்தேன், ஒருவரும் கேட்காமலே. பின்னால் ஒரு படமும் வந்தது. மெலிந்து, தலைமயிர் இல்லாத அண்ணை. பக்கத்தில் கிருபா. கோட்டு அண்ணையின் தோளில் கிடந்தது.

கிருபா சில மாதங்களில் திரும்பி வந்து மறுபடியும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். இரண்டு ஆண்டுகள் கழித்து அண்ணை ஊருக்கு வந்தார். தலைமயிர் முளைத்திருந்தது. அவருடைய இரத்த வகையே மாறி இப்போது கிருபாவினுடையதாகிவிட்டது என்று டொக்டர்மார் சொன்னார்களாம். அதை அவர் சாப்பாட்டு மேசையில் பெருமையாகச் சொன்னபோது நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். பின்னேரம் என்னைக் கூப்பிட்டார்.

"கிருபா சொன்னவள், நீ மூண்டு தரம் வெளியிலை போனனியாம்."

"ஓம், எல்லாரும் சொல்லுவினம்" என்றேன்.

"மூண்டு தரமும் திரும்பி வந்தனி எண்டும் சொன்னவள். எனக்குத் தெரியுமடா உன்ரை ஊசிப் பயம். அண்டைக்குக் கிணத்தடியிலை உன்னைக் கண்டுபிடிச்சுக் குடுத்ததே நான்தானே." கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்தார். "பயமில்லாதவள் குடுத்தது எனக்கு உயிர். பயந்தவன் திரும்பித் திரும்பி வந்ததையும் நான் மறக்கேல்லை."

முப்பது வருடமாக உள்ளே கிடந்தது அப்போது வெளியே வந்துவிட்டது.

"நீங்கள் என்னை ஒரு நாளும் பாரிலை ஏத்தேல்லை."

அண்ணை என்னைப் பார்த்தார். என் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது, வயிறும் வைத்திருந்தது. அவர் போய்க் கிருபாவின் சைக்கிளை எடுத்தார். அது பெண்கள் சைக்கிள், பார் இல்லை. அதை வைத்துவிட்டு என் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "ஏறு" என்றார்.

ஏறினேன். முப்பத்தெட்டு வயதில், ஒரு கந்தோர் எழுதுவினைஞர், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அண்ணையின் சைக்கிள் பாரில். பார் இவ்வளவு நோகும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இதற்காகவா இத்தனை வருடம் வயிறெரிந்தேன் என்று நினைத்தேன், ஆனாலும் இறங்க மனம் வரவில்லை. ஒழுங்கையில் பொன்னம்மாக்கா நின்று பார்த்தார். நான் அவருக்குக் கை காட்டினேன். அங்கேதான் பிழைத்தது. சைக்கிள் ஆடி, சரிந்து, எங்கள் இருவரையும் வாழைத்தோட்டத்து வாய்க்காலுக்குள் கொண்டுபோய்ப் போட்டது.

கிருபா படலையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். நேரே அண்ணையிடம் போய் அவரைத் தூக்கினாள், தலையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். சேற்றில் மல்லாந்து கிடந்த நான் கத்தினேன்.

"இஞ்சை பார்! எனக்குத்தான் கூட அடி! முதல் என்னைத் தூக்கு!"

அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"ஒண்டாம் நம்பர் கொஞ்சம் பொறுங்கோ" என்றாள்.

அண்ணைக்கு வந்த சிரிப்பில் அவர் மறுபடியும் சேற்றில் இருந்துவிட்டார். அம்மா, தேவாலய மண்டபத்தில் சிரிக்காத அம்மா, படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அன்று தொடங்கியது இன்றும் நிற்கவில்லை. பல்வைத்தியரிடம் வரிசையில் நின்றாலும், கலியாணப் பந்தியில் இருந்தாலும், என் பேரப்பிள்ளைகள்கூட, அந்தக் கதை முழுதாகத் தெரியாமலே, "ஒண்டாம் நம்பர் கொஞ்சம் பொறுங்கோ" என்கிறார்கள். லண்டனிலிருந்து ஊருக்கு வந்து நிற்கும் அண்ணையோடு நேற்றுக் கிருபா வந்திருந்தாள். ராணி தேநீர்த் தட்டோடு வந்து, என்னைத் தாண்டிப் போய், முதல் கோப்பையை அவளுக்குக் கொடுத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். மூன்று பேரும், அண்ணையும் கிருபாவும் ராணியும், ஒரே நேரத்தில் சொன்னார்கள். நான் பொறுத்தேன்.